மயிலையை விற்க வேண்டாம்

ஹோவிக், தென்னாப்பிரிக்கா
வைகாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அடுத்த தடவை எழுதச் சொல்லுங்கள். நம் காங்கயம் பசு மயிலையைப் பழையகோட்டை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவிட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஒரு கறுப்பு வெள்ளைச் சீமை மாடு (ஹோல்ஸ்டீன்) பிடிக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறாராம். வேண்டாம் அப்பா.

நான் கணக்கு எழுதும் பண்ணையில் இருப்பது முழுக்க அந்தக் கறுப்பு வெள்ளை மாடுதான். இது மேட்டு நிலம். இப்போது குளிர்காலம் தொடங்கிவிட்டது, விடிகாலையில் புல்மேல் உறைபனி படிந்து கிடக்கிறது. எனக்கு விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை, மாடுகள் அதுபாட்டுக்கு மேய்கின்றன. ஆனால் தை மாதம் இங்கே கோடை. வெயில் சேர்ந்தாற்போல் நாலு நாள் அடித்தால் அதே மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். தீனி குறையும், பால் இறங்கும், சினையும் சரியாகப் பிடிக்காது. 25 டிகிரியைத் தாண்டினாலே அந்த இனத்துக்குக் கஷ்டம்தான். நம் ஊரில் சித்திரையில் 38, 39 அடிக்கிறதே!

கறுப்பு மயிர் வெயிலை இழுக்கும். மயிலையின் வெளுத்த மயிர் அதைத் திருப்பி அனுப்பிவிடும், அடியில் இருக்கும் கறுப்புத் தோல் வெந்துபோகாமல் காக்கும். மூக்கையும் கண்ணைச் சுற்றியும் பாருங்கள், தெரியும். ஆனால் நிறம் மட்டும் இல்லை. அப்பாரு காலத்துக் காரி எருது கறுப்புதானே, வெயிலில் ஏர் இழுக்கவில்லையா? குட்டை மயிர், கழுத்தடியில் தொங்கும் அலைதாடி, நிறைய வியர்வைச் சுரப்பி, இதெல்லாம் நாட்டு மாட்டின் பிறவிக் குணம். அந்தச் சீமை மாடு நிறையத் தின்று நிறையப் பால் சுரக்கிறது, அதனாலேயே அதன் உடம்புக்குள்ளும் சூடு அதிகம். இந்த நாட்டின் வடக்கே மாரா என்கிற வெக்கையான இடத்தில் 1937-லேயே யான் பான்ஸ்மா என்பவர் இதையெல்லாம் ஆராய ஆரம்பித்தார். உள்ளூர் மாட்டோடு சீமை மாட்டைச் சேர்த்து அவர் உண்டாக்கிய பான்ஸ்மாரா இனம் செவலை நிறம்தான். ஆனால் வழவழவென்று குட்டை மயிர், வெயில் தாங்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜூலு தாத்தா இருக்கிறார். அவர் வளர்ப்பது ங்குனி மாடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு புள்ளி, ஒவ்வொரு நிறத்துக்கும் அவர்களிடம் தனிப் பெயர் உண்டு. உண்ணிகூட அவ்வளவாக ஏறாது. நம் மயிலையின் போட்டோவைக் காட்டினேன். திமிலை விரலால் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முதல் கேள்வியே "உன் பசு சுகமா?" என்பதுதான். சாயங்காலம் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன், ரூமுக்குச் சீக்கிரம் போய் என்ன செய்வது. மக்காச்சோளக் களியும் அமாசி என்கிற புளித்த பாலும் கொடுப்பார். ஆத்தா கரைக்கும் கம்மங்கூழ் மாதிரியே இருக்கும். முதல் நாள் ஒரு வாய் வைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், வேலமரத்து நிழல், மயிலை அசைபோடுவது எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. அவளை விற்றுவிட்டோம் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

பால் பணம் வேண்டும், புரிகிறது. மயிலை கறப்பது கன்றுக்குப் போக வீட்டுக்குத்தான். அப்படியானால் பாதி நாட்டு ரத்தம் உள்ள ஜெர்சி கலப்பு ஒன்று பாருங்கள். கொட்டகைக்குத் தகரம் வேண்டாம், கீற்றே போடுங்கள், உயரமாக. அடர்தீவனத்தை வெயில் தாழ்ந்து வையுங்கள். மயிலைக்குச் சினை ஊசி போடும்போது காங்கயம் ஊசிதானா என்று கேட்டுப் போடுங்கள்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். கம்பளியும் பூட்ஸும் வாங்க வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. ஆடிக்குள் சேர்த்து அனுப்பிவிடுகிறேன், சொசைட்டிக் கடனுக்கு வட்டியை மட்டும் இப்போது கட்டுங்கள். வெள்ளகோவில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். தங்கச்சி பரீட்சை முடியட்டும், அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாமா ஜாதகம் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்