சீட்டில் நோயின் பெயரை எழுதுங்கள்: குமரி மாவட்ட மருத்துவர்களுக்கும் மறுவாழ்வு மையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி நான். குடியை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் விடியுமுன், தலைவிளக்கின் வெளிச்சத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி வழுக்கி இடது உள்ளங்கை கிழிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், அங்கிருந்த ஊழியர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, காயத்தைப் பார்க்குமுன்பே, "குடி கேஸா? ஊது பார்ப்போம்" என்றார். ஊதினேன். பிறகுதான் தையல் போட்டார்கள்.

அவர் மீது எனக்குப் பெரிய வருத்தமில்லை. சீட்டில் இருந்ததைத்தான் அவர் படித்தார். சிகிச்சைக்குச் சேர்ந்த அன்று யாரோ அதில் நீல மையில் 'குடிகாரர்' என்று எழுதியிருக்கிறார். சர்க்கரைக்கு வந்தவரின் சீட்டில் நோயின் பெயர் இருக்கிறது. என் சீட்டில் நோய் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன்.

செய்தித்தாள்களுக்கு நாங்கள் 'குடிமகன்கள்' (வேடிக்கையாம்). குடியை நிறுத்தியவனை ஊர் "திருந்திவிட்டான்" என்று மெச்சுகிறது; காசநோய் மருந்தை ஆறு மாதம் தின்று முடித்தவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. திருந்தியவன் சறுக்கினால் அது குற்றம், குற்றமென்றால் மருத்துவரிடமும் ஒளிக்கத் தோன்றும். நிறுத்திய இரண்டாம் மாதத்தில் ஒருநாள் குடித்துவிட்டு, மூன்று வாரம் மையத்தின் பக்கமே தலைகாட்டாமல் இருந்தவன் நான்.

படித்தவர்களையும் சொல் இழுக்கிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 500-க்கும் மேற்பட்ட மனநல வல்லுநர்களுக்கு ஒரே ஆளின் விவரத்தை இரு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்' என்று படித்தவர்கள், 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்' என்று படித்தவர்களைவிட, பழியை அவர்மேலேயே அதிகம் சுமத்தினார்கள். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மது, போதைப்பொருள் சார்ந்த பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அந்த விவரத்தை இரகசியமாகக் காக்கும் உரிமையையும் தருகிறது.

"நான் ஒரு குடிநோயாளி" என்று கூட்டங்களில் நீங்களே சொல்கிறீர்களே என்று கேட்பீர்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் நானும் வாராவாரம் சொல்கிறேன். அந்த வாய்மொழியால்தான் பிழைத்தேன் என்றும் நம்புகிறேன். ஆனால் அது என்னைப் போன்றவர்கள் நடுவில், நானாகச் சொல்வது. கதவைத் தாண்டும்போது அங்கேயே வைத்துவிட்டு வர முடிகிறது. நீல மை கூடவே வருகிறது.

ஆகவே சேர்க்கைப் பதிவேட்டிலும் சீட்டிலும் 'மதுச் சார்பு நோய்' என்று எழுதி, தேதியிடுங்கள். நிறுத்திய தேதியையும் அதன்கீழ் எழுதுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை நான் தையல் பிரிக்க வர வேண்டும். அதே சீட்டைத்தான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி