கியர் பெட்டியை இப்போதைக்கு இறக்காதே

பரந்தன்,
மாசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் சுகமாக முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தது பெரிய நிம்மதி. இங்கே காலபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது. மழை கொஞ்சம் கெடுத்தாலும் விளைச்சல் மோசமில்லை. நெல் விலைதான் மனதுக்கு ஒத்துவரவில்லை, அதை நேரில் பேசுவோம். உன் ஆல்டோ காரின் கியர் பெட்டியைப் பற்றித்தான் இப்போது அவசரமாக எழுதுகிறேன்.

"பெட்டிக்குள்ள பல்லு போயிட்டுது, இறக்கத்தான் வேணும்" என்று கராஜில் சொன்னார்களாமே. இப்போதைக்கு இறக்க விடாதே. 2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்குள் பழைய கார்களும் அவற்றின் சாமான்களும் என்ன விலைக்குப் போயின என்று உனக்கே தெரியும். நல்ல நிலையில் இருக்கிற பெட்டியைக் கழற்றினால் கூலியும் போகும், புது ஒயில் கசிவும் வரும்.

நீ எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. எஞ்சின் ஓடும்போது முதலாம் கியர் இறுகுகிறது, றிவேர்ஸ் போட்டால் கறகறவென்று அரைக்கிறது. அதைவிட முக்கியமானது, வெள்ளத்துக்குப் பிறகு கார் கிழமைக்கணக்காக முற்றத்தில் அப்படியே நின்றது. ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தாயா என்று எழுதவில்லையே! அதை இன்றைக்கே பார்.

எஞ்சின் நிற்கும்போது முதலாம் கியரிலிருந்து ஐந்தாம் கியர் வரைக்கும், பிறகு றிவேர்ஸுக்கும் கியர் தடியை மெதுவாகக் கொண்டுபோ. பல்லுக்குப் பல் நேராக நின்றால் சில வேளை கொஞ்சம் இடிக்கும், காரை ஒரு சாண் தள்ளிவிட்டுத் திரும்பப் போடு. எல்லாம் இலகுவாக விழுந்தால் பெட்டியும், தடியிலிருந்து பெட்டிக்குப் போகிற இணைப்பும் பெரும்பாலும் சரி. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சினைப் பெட்டியிலிருந்து பிரித்துவிடுகிற கிளச்சை அடிவரைக்கும் மிதித்து, ஐந்தாறு வினாடி பொறுத்து றிவேர்ஸ் போடு. அப்போதும் அரைத்தால் கிளச் முழுதாக விடவில்லை. முன் கியர்களில் பல்லுகளின் வேகத்தை ஒன்றாக்கிக் கொடுக்க வெண்கல வளையங்கள் இருக்கின்றன. உன் ஆல்டோவின் றிவேர்ஸுக்கு அது இல்லை. அதனால் கிளச்சின் குறையை றிவேர்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் நிற்கும்போதே தடி இறுகினால்தான் இணைப்பையோ பெட்டியையோ சந்தேகப்பட வேண்டும்.

கிளச் என்று தெரிந்தால் முதலில் காலடியைப் பார். மடிந்து கிடக்கிற கால்மிதியே பெடலை அடிவரைக்கும் போகவிடாமல் தடுத்துவிடும். பிறகு பொனெற்றைத் திற. உன் காரில் கிளச்சை இழுப்பது கேபிள். மருமகனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் பக்கத்தில் கேபிள் பிடித்திருக்கிற இரும்புக் கையைப் பார். அது கொஞ்சமாக மட்டும் அசைந்தால் கேபிள் நீண்டிருக்கும் அல்லது உள்ளே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். கேபிள் முனையில் இருக்கிற நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் பெடலின் தொடக்கத்தில் கொஞ்சம் சும்மா அசைவு இருக்கத்தான் வேண்டும். அதையும் இறுக்கிவிட்டால் கிளச் பிளேற் வழுக்கும், மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளுகிற றிலீஸ் பேரிங் சீக்கிரம் தேய்ந்துபோகும். இன்றைக்குச் சரிசெய்து இரண்டு நாளில் திரும்பவும் தளர்ந்தால் கேபிள் அறுகிறது என்று வைத்துக்கொள், உடனே மாற்று.

கை நன்றாக அசைந்தும் கிளச் விடவில்லை என்றால்தான் வெள்ளத்தின் வேலை. எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம். ஈரம் பட்டு நின்ற காரில் கிளச் பிளேற் துருப்பிடித்து எஞ்சின் சில்லோடு ஒட்டிக்கொள்ளும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்த பிறகு இங்கே இப்படி ஒட்டிய வாகனங்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை விடுவிக்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்து. காரை ஆளில்லாத வெளிக்குக் கொண்டுபோய், முன்னால் நீளமாக இடம் விட்டு, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை முழுதாக மிதித்தபடியே ஸ்ரார்ட் பண்ணு. கார் உடனே பாயும், அதற்குத் தயாராக இரு. ஓடும்போது கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் அக்சிலேற்றரை அழுத்தியும் விட்டும் கொடு. பல வேளை சடக்கென்று விட்டுவிடும். பேத்தியை இருத்திக்கொண்டு இதைச் செய்யாதே, முற்றத்திலும் வேண்டாம். இப்படியும் விடாவிட்டால் பெட்டியை இறக்கிப் பிளேற்றைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் உள்ளே பல்லுகளில் கை வைக்க விடாதே.

வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறி ஓடும்போது நீ கடந்து போகிறவன் என்பதால் இன்னொன்று. சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் மேலே இருக்கிற காற்றுத் துவாரத்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும். அங்கே உப்புத் தண்ணீர் வேறு. கியர் ஒயிலைக் கட்டாயம் பார். முதலில் பக்கவாட்டில் இருக்கிற ஒயில் ஊற்றும் ஆணியைக் கழற்று, அது கழன்ற பிறகுதான் ஒயிலை வடிக்கிற அடி ஆணி. மாறிச் செய்து, ஒயிலை வடித்த பிறகு ஊற்றும் ஆணி இறுகி நின்றால் காரை எடுக்க முடியாது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆணியில் சாம்பல் பசை போலக் கொஞ்சம் இருந்தால் அது சாதாரணம், துண்டுதுண்டாக உலோகம் இருந்தால் கராஜ்காரர் சொன்னது சரி. புத்தகத்தில் போட்டிருக்கிற ஒயிலையே வாங்கு. ஜீ.எல். 4 தர ஒயிலைக் கேட்கிற பெட்டிக்கு 'இது அதைவிட நல்லது' என்று ஜீ.எல். 5 ஒயிலை ஊற்றவே கூடாது, அதில் சேர்க்கிற கந்தகப் பொருள் சில பெட்டிகளில் அந்த வெண்கல வளையங்களை அரிக்கும்.

இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் அரைத்தால் அந்த வளையம் தேய்ந்தது. கியர் தானாகவே வெளியே துள்ளினால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டைப் பார். உனக்கு இந்த இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் ஞாபகம் இருக்கிறதா? முதலாம் கியருக்கு வளையமே இல்லாத கார். நியூட்ரலில் ஒருமுறை கிளச்சை விட்டு, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்து, திரும்ப மிதித்துப் போடுவோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை மருமகனுக்கும் சொல்லிக்கொடு. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் கேபிள் அறுந்து கிளச்சே இல்லாமல் போனால் அவனுக்கு அதுதான் உதவும். அப்படி வரும்போது முறிகண்டியில் தேங்காய் உடைக்கவோ கச்சான் வாங்கவோ நிறுத்த வேண்டாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார். நின்ற காரைத் திரும்ப எடுப்பதுதான் பெரிய பாடு.

சோதித்துவிட்டு எஞ்சின் நின்றபோது என்ன நடந்தது, ஓடியபோது என்ன நடந்தது என்று தனித்தனியாக எழுது. கேபிள்தான் என்றால் பழையதைக் கழற்றி அனுப்பு. அதோடு ஒப்பிட்டுப் பார்த்து இங்கே நல்லதொன்று வாங்கி, அடுத்த ஞாயிறு நானே ஏ35 முல்லைத்தீவு றோட்டால் கொண்டுவந்து பூட்டித் தருகிறேன். பேத்தியையும் பார்த்ததாக இருக்கும்.

அன்புடன்,
உன் பரந்தன் மச்சான்