சீரம் சிவந்தால் பயணம் வீண்

ஆசிரியருக்கு,

கென்யாவில், கொசுக்களால் கால்நடைகளுக்குப் பரவும் வைரஸ் நோயான ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆய்வுக்காக மாட்டு ரத்தம் சேகரிப்போர் ஐஸ் பெட்டிக்குத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். மாதிரி கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே. கழுத்துச் சிரைக்கு 18 கேஜ் ஊசி ஏற்றது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவமான சீரம் சிவக்கும். சீரத்துக்கான சிவப்பு மூடிக் குழாயை, ரத்தம் எடுத்தவுடன் ஐஸில் புதைக்காமல், நிழலில் நிமிர்த்தி உறையவிட வேண்டும். சீரத்தைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் வைத்தாலும் அதே கதிதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்தால் போதும். ரத்தத்தின் வழியே மனிதருக்கும் தொற்றும் நோய் இது. வெறுங்கையோடு தொடுவது வீரமல்ல. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகள் இரண்டையும் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விமான நிலையக் கிடங்கில், மாதிரியைக் குளிராக வைக்கும் உலர்பனி (திட கார்பன் டை ஆக்சைடு) காத்திருக்காது; ஆவியாகிவிடும்.

– கால்நடை மருத்துவர்கள் சிலர், நாமக்கல்