பலாவில் பழத்தை மட்டும் பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்ருட்டி வட்டாரத்தில் பலா சீசன் தொடங்கிவிட்டால், வரத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் நாளிதழ்களில் செய்திகள் வருவது வழக்கம். பழத்துக்குக் கிடைக்கும் இந்தக் கவனத்தில் பாதியாவது மரத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், முந்திரியோடு சேர்த்துப் பல தலைமுறை கண்ட பலா மரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டது. இப்போது கன்று நடுகிறவர்கள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றையே கேட்கிறார்கள். விரைவில் காய்க்கும், சுளையும் தாய்மரத்துச் சுளையைப் போலவே இருக்கும் என்பதால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், கொட்டையிலிருந்து முளைத்து ஓங்கி வளரும் நாட்டு மரத்தின் நெடிய அடிமரத்தை, தாழ்வாகவே கிளை பிரியும் ஒட்டுமரத்திடம் எதிர்பார்க்க முடியாது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் தஞ்சாவூர் ஏகாந்த வீணைக்கும், மிருதங்கக் கட்டைக்கும், வைரம் பாய்ந்து மஞ்சளேறிய அத்தகைய அடிமரமே தேவைப்படுகிறது.

மற்றபடி, பலாவில் வீணாவது எதுவுமில்லை. தழை ஆட்டுக்கு, தோலும் சக்கையும் மாட்டுக்கு. பிஞ்சைப் பலாமூசுப் பொரியலாக்குவோம். கொட்டையைச் செம்மண்ணில் புரட்டி மூலையில் குவித்து வைத்தால் சீசன் முடிந்த பிறகும் கெடாது. கழுவி, மேல்தோலை உரித்துக் கருவாட்டுக் குழம்பில் போட்டால் அந்த ருசியே தனி. இன்று கடைகளில் சுளையை மட்டும் வாங்கிச் செல்வோர் கொட்டையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பலாக்காய் மாவு சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விற்கப்படுவதையும் பார்க்கிறேன். மருத்துவரிடம் கேட்காமல் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எனவே, தோட்டக்கலைத் துறை மானியத்தில் பலா ஒட்டுக்கன்றுகள் வழங்கும்போது, வேலியோரமாக நட நாட்டுக்கன்றுகள் சிலவற்றையும் சேர்த்துத் தர வேண்டும். புயலுக்குத் தப்பி நிற்கும் பழைய மரங்களைப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு கணக்கெடுத்து, அவற்றை வெட்டாமல் பராமரிக்கும் விவசாயிகளுக்கு ஊக்கத்தொகை வழங்கவும் அரசு முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பண்ருட்டி.