அம்மாவுக்கு எழுதுவதுபோல

அன்புள்ள முத்து,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். என் புத்தகமெல்லாம் மாடியில்தான் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேத்தி முதல்முறையாகத் தானே எழுதிய கதையை அனுப்பியிருக்கிறாள். மூன்று வரி. நான்காவது வரி தேவையே இல்லை.

கல்லூரியில் வாரம் ஒரு நாள் வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டுவிட்டாயாமே! முப்பது வருஷம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து ஊரார் எழுதியதை வெட்டியவனுக்கு இது வேண்டியதுதான். எழுத்தையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். அதே கேள்வியோடு நானும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் மக்ஃபீ பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பத்து நாளாகிறது, முதல் வரி வரமாட்டேன் என்கிறது.

நாம் அறையில் சேர்ந்து இருந்த காலத்தில் நீ அவரைப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். 1931இல் பிரின்ஸ்டனில் பிறந்தவர். அங்கேயே படித்து, 1975 முதல் அங்கேயே பாடம் நடத்தினார். 'நியூயார்க்கர்' பத்திரிகை பல வருஷம் அவர் எழுதியதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் 'டைம்' வார இதழில் வேலை பார்த்தார். 1965இல் பில் பிராட்லி என்ற கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரைதான் கதவைத் திறந்தது. அப்புறம் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம், அலாஸ்கா, பாறைகள். பாறைகளோடு இருபது வருஷம் கிடந்ததற்கு 1999இல் புலிட்சர் பரிசு.

இப்பேர்ப்பட்ட ஆளே 1966 கோடையில், வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் கிடந்த மேஜையில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மல்லாந்து படுத்துக் கிடந்தார். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டுப்பகுதியில் எட்டு மாதம் அலைந்து சேர்த்த குறிப்புகள் மலையாகக் கிடந்தன. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அந்தக் காட்டில் ஒரு குடிசையில் இருந்த ஃபிரெட் பிரவுன் என்ற கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். சொல்ல வேண்டியது எதை எடுத்தாலும் அது எப்படியோ அந்தக் கிழவரிடம் போய் முட்டியது. அவர் வாசலிலிருந்தே மக்ஃபீ ஆரம்பித்துவிட்டார்.

உன் பிள்ளைகளுக்கு நான் சொல்லச்சொல்வது வேறொன்று. கொலராடோ ஆற்றில் ஒரு ரப்பர் படகுப் பயணம். காட்டைக் காப்பாற்றப் போராடும் டேவிட் பிரவர், அணைகள் கட்டும் அரசு அதிகாரி ஃபிளாய்ட் டாமினி. ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றிவிட்டு, கூடவே போனார் மக்ஃபீ. வந்தபின் முப்பத்தாறு அட்டைகளில் அட்டைக்கு இரண்டு மூன்று சொல்லாகச் சம்பவங்களை எழுதிப் பலகையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஓர் அட்டையில், சுழித்து ஓடும் இடத்தில் பிரவர் படகைவிட்டு இறங்கிக் கரையோரமாக நடந்து போகிறார். ஏன் என்று டாமினி குத்தலாகக் கேட்க, எனக்குப் பயம் என்கிறார் பிரவர். இன்னோர் அட்டையில், அதே பிரவர் அதுவரை மனிதக் கால் படாத சிகரங்களில் ஏறிய மலையேறி. மக்ஃபீ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நடுவில் கொஞ்சம் வெள்ளை இடம் விட்டார், அவ்வளவுதான். 'ஆனாலும் அவர் கோழையல்ல' என்று ஒரு வரி நீயோ நானோ கட்டாயம் எழுதியிருப்போம்.

நானும் அட்டை போட்டுப் பார்த்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் எழுதி, கூடத்துத் தரையில் பரப்பினேன். உன் தங்கச்சி வந்து ஃபேனைப் போட்டாள். பொறுக்கி அடுக்கிய பிறகுதான் மூன்று அட்டைகள் சோபாவுக்கு அடியில் போயிருப்பது தெரிந்தது. அவை இல்லாமலே வரிசை சரியாகத்தான் இருந்தது. இன்னும் அங்கேயே கிடக்கின்றன. குனிய முட்டி விடவில்லை.

வெட்டுவது என்றதும் வேதாரண்யத்து உப்பளக் கட்டுரை ஞாபகம் வருகிறது. ராத்திரி ஒரு விளம்பரம் வந்ததென்று பேஜ் போடுகிறவர் கீழிருந்து பதினைந்து வரியைத் தூக்கிவிட்டார். நான் மூன்று நாள் உப்பில் நின்றதே அந்தப் பதினைந்து வரிக்காகத்தான். மக்ஃபீ இதற்கு நேரெதிராகச் செய்தார். 'டைம்' இதழில் இடம் போதாதபோது, எழுதியவனே பச்சைப் பென்சிலை எடுத்து இத்தனை வரி என்று கணக்காக எடுத்துவிட வேண்டும். எடுத்தது படிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. அதையே வகுப்பில் பயிற்சியாக்கினார். லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைக்கூட மாணவர்கள் கையில் கொடுத்து வெட்டச்சொல்லியிருக்கிறார். நீ திருக்குறளைக் கொடுத்துவிடாதே, அடிதான் விழும்.

மக்ஃபீயின் வகுப்பில் பதினாறு பேர். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, அவர்கள் எழுதியதைச் சொல் சொல்லாகப் பார்ப்பார். பின்னாளில் நியூயார்க்கர் ஆசிரியரான டேவிட் ரெம்னிக்கும், சீனாவைப் பற்றி எழுதிய பீட்டர் ஹெஸ்லரும் அப்படி உட்கார்ந்தவர்கள்தான். அவருக்கே ஒரு டீச்சர் வாய்த்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் ஆலிவ் மக்கீ என்ற அம்மாள் வாரம் மூன்று கட்டுரை எழுதச்சொல்வார். ஒவ்வொன்றுக்கும் முதலில் அமைப்பைக் காட்ட வேண்டும். எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மற்ற பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், காகிதத்தைச் சுருட்டி எறிவார்கள். இதை நீ செய்து பார்க்கலாம். எழுத வருமோ வராதோ, தோல் தடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் பொறாமை. பிராட்லி கட்டுரையின்போது நியூயார்க்கர் ஆசிரியர் வில்லியம் ஷான் அவரோடு உட்கார்ந்து காற்புள்ளி காற்புள்ளியாகப் பேசிக்கொண்டிருந்தாராம். இவ்வளவு பெரிய பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒருத்தனுக்கு இத்தனை நேரம் எப்படி முடிகிறது என்று மக்ஃபீ கேட்டதற்கு, எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகும் என்றிருக்கிறார். நம் ஊரில் மாலை ஆறு மணிக்குச் செய்தி ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பார். உன் பிள்ளைகளும் அந்த ஆறு மணிக்குத்தான் போய்ச் சேரப்போகிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

எழுத வராமல் தவிப்பவனுக்கு மக்ஃபீ சொன்ன வழி இது. கரடியைப் பற்றி எழுத வேண்டும், ஒரு வார்த்தை வரவில்லை என்றால், 'அன்புள்ள அம்மா' என்று போட்டுக் கடிதம் எழுது. என்னால் முடியவில்லை, எனக்கு இந்தத் தொழிலே ஆகாது என்று புலம்பு. அப்படியே கரடியின் இடுப்பு 55 அங்குலம், ஆனாலும் பந்தயக் குதிரையோடு சரிக்குச் சரி ஓடும் என்று சொல்லிக்கொண்டே போ. முடிந்ததும் அம்மாவையும் புலம்பலையும் அடித்துவிட்டுக் கரடியை வைத்துக்கொள்.

அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. அதனால்தான் உனக்கு எழுதினேன். நகல் எடுத்து வைக்கவில்லை, படித்ததும் பக்கங்களைப் படம்பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பு. முட்டிவலியையும் உன்னையும் அடித்துவிட்டு மீதியைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
சண்முகம்