ஜப்பானில் ஆசிரியர் பணி: விடுபட்டது ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகச் சேரும் வாய்ப்புகள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்வித் தகுதி, சம்பளம், விண்ணப்பிக்கும் முறை ஆகிய அனைத்தும் பிழையின்றித் தரப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையுடன் வெளியிட்டிருந்த படம் டோக்கியோவில் கூட்டம் நிரம்பி வழியும் ஷிபுயா நாற்சந்தி. அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கும் நம் இளைஞர்கள் பலர் வந்திறங்கப் போவது, ஷிபுயாவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, மாலையானால் கடைகள் அடைத்துவிடும் ஒரு சிற்றூரில்தான். அப்படிப்பட்ட ஊரொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வெளிநாட்டவரைப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாக அமர்த்த ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் (JET) திட்டத்தின் வழியாக வருபவர்களை எந்த ஊருக்கு அனுப்புவது என்பது, ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் உள்ளாட்சி அமைப்புகளைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் விருப்பமான 3 இடங்களைக் குறிப்பிடலாம். அவை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. வெளிநாட்டவரோடு பழகும் வாய்ப்பில்லாத ஊர்களே வெளிநாட்டு ஆசிரியரை மிகவும் தேடுகின்றன என்பதால், ஆசிரியர் கேட்கும் ஊர்களில் கடலோரக் கிராமங்களும் தீவுகளும் மலையூர்களும் நிறையவே உண்டு. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, இரு தரப்பும் விரும்பினால் 5 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். ஊரை ஏற்றுக்கொண்டவர்கள் நீட்டிக்கிறார்கள், டோக்கியோவை நினைத்து வந்தவர்கள் முதல் ஆண்டோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள் என்பதே நான் கண்டது.

நான் இருப்பது ஷிகோகு தீவின் தென்மேற்கே, கோச்சி மாகாணத்தைச் சேர்ந்த குரோஷியோ. 2006-இல் ஒகாத்தா, சாகா என்ற இரு சிற்றூர்களை இணைத்து உருவான ஊர். மக்கள்தொகை 10,000 அளவில்தான் இருக்கும். அவர்களில் முதியவர்களே மிகுதி. சாகா துறைமுகத்துப் படகுகள், வலை போடாமல் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகச் சூரை மீன் பிடிப்பதற்குப் பெயர்பெற்றவை. இரினோ கடற்கரையில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலும் அதன் ஓரமாகப் பைன் மரத்தோப்பும் உள்ளன. ஷிகோகுவின் 88 கோயில்களையும் நடந்தே வலம்வரும் யாத்திரிகர்கள் வெள்ளாடையும் கைத்தடியுமாக இவ்வழியே போவார்கள். அவர்களைவிட அதிகமாக ஊரார் கண்ணில் படுபவன் வெளிநாட்டு ஆசிரியன்தான். நான் கடையில் வாங்கியது என்ன என்பது மறுநாள் வகுப்பில் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதைத் தொல்லையாக நினைப்பவர் இங்கு வரவே வேண்டாம்.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். நாம் துணை ஆசிரியர்கள். வகுப்பை நடத்தும் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருக்கே உரியது. 2020 ஏப்ரல் முதல் தொடக்கப்பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால், ஒரே ஆசிரியர் வாரத்தில் பல பள்ளிகளுக்கு மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கும். மதிய உணவை மாணவர்களே பரிமாறி, உண்டபின் அவர்களே அறையையும் நடைகூடத்தையும் துடைப்பார்கள். ஆசிரியரும் துணியை எடுத்துக்கொண்டு குனிய வேண்டும்.

இனி, கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத செய்திக்கு வருகிறேன். 2012 மார்ச்சில் ஜப்பானிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஜப்பானின் தென்கரைக்கு அப்பால் கடலடியில் உள்ள நன்காய் கடற்பள்ளத்தில் மிகப்பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் குரோஷியோவை 34 மீட்டருக்கு மேல் உயர்ந்த சுனாமி தாக்கக்கூடும். நாட்டிலேயே மிக உயரமான அலை இதுதான். 1707, 1854, 1946 ஆகிய ஆண்டுகளில் அப்பள்ளம் உண்மையிலேயே குலுங்கியிருப்பதால், இதை வெறும் கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ஊரை விட்டுப் போய்விடலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நகராட்சியோ, ஒருவரும் உயிரிழக்கக் கூடாது என்று இலக்கு வைத்து, ஒவ்வொரு குடும்பமும் எந்த வழியாக எந்த மேட்டுக்கு ஓடும் என்பதை வீடுவாரியாக எழுதி வாங்கியது. சாகாவில் 2017-இல் சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு தஞ்சக் கோபுரம் கட்டப்பட்டது. பேரிடர்க் காலத்துக்கான டின் உணவைத் தயாரிக்கும் ஆலையொன்றைத் தொடங்கி, அந்த 34 என்ற எண்ணையே வணிகச் சின்னமாக்கி விற்கும் துணிச்சலும் இவ்வூருக்கு இருந்தது.

ஆசிரியர் இவை எல்லாவற்றிலும் பங்குள்ளவர். ஒத்திகை நாளில் சங்கு ஒலித்தவுடன் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏற வேண்டும். இரவில் நடக்கும் ஒத்திகைகளும் உண்டு. 2024 ஆகஸ்ட் 8 அன்று அண்டைத் தீவான கியூஷுவின் கிழக்கே உள்ள ஹியூகா கடலில் 7.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது, நன்காய் பேரதிர்வு குறித்த எச்சரிக்கை முதன்முறையாக விடுக்கப்பட்டு ஒரு வாரம் நீடித்தது. கோடை விடுமுறைக் காலத்தில் கடற்கரைகள் மூடப்பட்டன. 2011 மார்ச் 11-இல் இஷினோமாக்கி, ரிக்குசென்தகாத்தா ஆகிய கடலோர நகரங்களில் பணியாற்றிய இரண்டு அமெரிக்க ஜெட் ஆசிரியர்கள் சுனாமியில் உயிரிழந்தார்கள். விண்ணப்பிப்பவர்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. 2004 டிசம்பரில் நாகப்பட்டினமும் கடலூரும் பட்டதை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியுமில்லை. ஆனால் வீடு பார்க்கும்போது வாடகையோடு சேர்த்து, கடல்மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் கேட்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இன்னொரு தகவல். சூரை மீன் ஊரில் மீனைத் தவிர்ப்பது, தட்டில் தெரியும் துண்டை ஒதுக்குவதோடு முடிவதில்லை. மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பும் காய்கறிக் கூட்டும் நூடுல்ஸ் குழம்பும் உலர்த்திய சூரையின் சாற்றில்தான் பெரும்பாலும் கொதிக்கின்றன. பள்ளி உணவுக்குப் பதிலாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் மனம் கோணுவதில்லை. பருப்பும் மசாலாவும் இணையத்தில் வரவழைக்கலாம்.

ரயில் மணிக்கு ஒன்றுகூட வராத இத்தகைய ஊர்களில் கார் இன்றியமையாதது. நம் நாட்டில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கு ஓராண்டுக்கு மேல் செல்லாது. அதன்பின் இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 10 கேள்விகளாக இருந்த எழுத்துத் தேர்வு 2025 அக்டோபர் முதல் 50 கேள்விகளாகிவிட்டது. இந்திய உரிமம் பெற்றபின் குறைந்தது 3 மாதங்கள் இந்தியாவிலேயே தங்கியிருந்ததற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். தங்கள் கட்டுரையின் தொடர்ச்சி வெளியாகுமானால், விண்ணப்பிக்கும்போதே உரிமம் எடுத்துவிடுமாறு வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். விமானச் சீட்டு கைக்கு வந்தபின் எடுக்கும் உரிமம் இங்கே மாற்றத்துக்கு உதவாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
குரோஷியோ, கோச்சி மாகாணம், ஜப்பான்.