கேப் பிரெற்றன் வயலின்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

கனடாவின் கிழக்கில் உள்ள கேப் பிரெற்றன் தீவுக்கு இசை முகாமுக்குப் போன இடத்தில் மகளுக்குக் கை முறிந்துவிட்டது. நேற்று டொக்டர் அவளுடைய இடது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விரல்களை மடக்கு" என்றார். ஐந்தும் மடங்கின. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. "வயலின் வாசிக்கலாம், அவசரப்படாதே" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நண்பர்களே, அது எப்படி நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த இரவு முழுக்க எங்களுடன் தொலைபேசியில் இருந்தவர்கள் நீங்கள்தான். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், நாங்கள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருந்த முகாம் பொறுப்பாளர். அவள் பயப்படாமல் இருக்க ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்ன தாதி. அவளுடைய உடுப்புகளை மடித்து, நடுவில் சொக்லேட் ஒளித்து வைத்து அனுப்பிய அறைத்தோழிகள். ஹாலிபாக்ஸ் விமான நிலையத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிய நண்பர். அதே தீவிலுள்ள சிட்னி நகரில் படித்துக்கொண்டு, பரீட்சைக்கு நடுவிலும் ரசமும் சோறும் கொண்டுவந்த தமிழ்ப் பிள்ளைகள். எல்லோருக்கும் நன்றி. ரசத்தில் மிளகு கூடிப்போனது, ஆனால் அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்புறம், முகாமில் பிடில் வகுப்பு எடுத்த அந்த ஆசிரியர். இந்த மடலில் பாதிக்கு மேல் அவருக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மகளை நேரே ரொறன்ரோவுக்குக் கூட்டிவருவதாகத்தான் இருந்தோம். அவள் மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை இரவுக் கேய்லி, அதாவது எல்லோரும் கூடி வாசிக்கும் இசைக் கூடல், வரைக்கும் நிற்க வேண்டுமாம். கையில் பெரிய கட்டோடு அங்கே என்ன செய்வாள் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, நிற்கட்டும் என்று நான் அந்தத் தீவிலுள்ள பெடெக் என்ற ஊரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பகலில் முகாமுக்குப் போய்வந்தேன்.

அங்கே வகுப்பில் யாருக்கும் முன்னால் நோட்டுத் தாள் கிடையாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வட்டமாக இருப்பார்கள். ஆசிரியர் ஒரு சின்னத் துண்டு வாசிப்பார், அவர்கள் கேட்டுத் திருப்பி வாசிப்பார்கள். மகள் கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதல் இடைவேளையிலேயே அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நடத்திய மெட்டை வாயால் பாடத் தொடங்கினார். பொருளில்லாத அசைகள், நம்முடைய கொன்னக்கோல் மாதிரி. ஸ்கொட்லாந்திலிருந்து அங்கே குடியேறியவர்களின் மொழியான கேலிக் பேசும் வீடுகளில் வயலின் இல்லாத இரவிலும் இப்படிப் பாடித்தான் பிள்ளைகளை ஆடவைப்பார்களாம். அவரும் தன் மெட்டுகளை முதலில் பாட்டியின் வாயிலிருந்துதான் கேட்டாராம். இரண்டு முறை பாடிவிட்டு, "இப்போது நீ" என்றார்.

பாடினாள். எங்கள் வயலின் டீச்சரும் பாடாத எதையும் வயலினில் தொடவிடமாட்டார், அதனால் அவளுக்கு இது பழக்கம்தான். அடுத்து முகாம் ஆசிரியர் காலால் தாளம் தட்டப் பழக்கினார். கேப் பிரெற்றன் வயலின்காரர்கள் கதிரையில் இருந்துகொண்டு குதிகாலால் தாளம் தட்டித்தான் வாசிப்பார்கள். ஆட்டக்காரருக்கான இசை அது. ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஆட்ட மெட்டு வகையில் குறில் முந்தி வந்து நெடிலில் போய் வெட்டி விழும், அந்த வெட்டு காலில் இல்லாவிட்டால் வில்லிலும் வராது என்றார். மறுநாள் வகுப்பு முழுவதற்கும் கால் தட்டியவள் இவள். ஆசிரியர் வேகத்தை மாற்ற வேண்டும் என்றால் இவளைப் பார்த்துத் தலையசைப்பார்.

ஒரு மத்தியானம், "உன் வீட்டுப் பாட்டு ஒன்று பாடு" என்று கேட்டிருக்கிறார். இவள் அம்மம்மாவிடம் கற்ற 'வந்தே மீனாக்ஷி'யைப் பாடினாள். முதல் வரி முடியுமுன் அவர் பிடிலை எடுத்துவிட்டார். அவருக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த மெட்டு, அயர்லாந்தின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டதும், அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றதும் நமக்குத் தெரிந்த கதை. அந்த மனிதருக்கு அது புதிது. மகள் சொல்லச் சொல்ல, மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்.

அவர் சிறுவனாக இருந்தபோது, 1971 அளவில், கேப் பிரெற்றன் வயலின்காரர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி ஒரு ஆவணப்படம் காட்டியதாம். தீவே கொதித்திருக்கிறது. 1973-இல் அந்தத் தீவின் கிளென்டேல் என்ற ஊரில் நூறு பேருக்கு மேல் ஒரே மேடையில் ஏறி வாசித்துக் காட்டினார்கள். அந்த மேடைக்கு முன்னால் புல்லில் இருந்து பார்த்த பொடியன் இவர். கதவோரத்தில் ஒரு பிள்ளை சும்மா இருப்பதை அவரால் ஏன் பொறுக்க முடியவில்லை என்பது இதைக் கேட்டபிறகு எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

வெள்ளிக்கிழமை இரவு வயலின் வரிசையின் நடுவில் மகளுக்கும் ஒரு கதிரை. மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, பிறகு வேகமான ரீல் என்று மூன்று வகை மெட்டுகளையும் ஒரே ஓட்டமாக வாசித்துப் போனார்கள். ரீல் தொடங்கும் இடத்தில் எல்லோரும் நிற்க, முதல் பகுதியை இவள் தனியாக வாயால் பாடினாள். பிறகு பியானோ ஏறியது, பிறகு வயலின்கள் எல்லாம். கை முறிந்த பிள்ளை, தைரியமான பிள்ளை என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. மற்றவர்களைப் போலவே பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு கிழமையாகப் பார்க்கிறவர் எல்லாரும் அவளைப் பரிதாபமாகவே பார்த்தார்கள், நான் உட்பட. அவர் மட்டும்தான் அவளை மாணவியாகவே நடத்தினார்.

அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அது அலுவலகக் கடிதம் மாதிரி வந்துவிட்டது. மனதில் இருந்தது தமிழில்தான் வருகிறது. இதை மகள் அவருக்கு வாசித்து விளங்கப்படுத்துவாள்.

இந்த நவராத்திரிக்கு, விரல் இடங்கொடுத்தால், எங்கள் வீட்டுக் கொலுவில் 'வந்தே மீனாக்ஷி' இரண்டு விதமாகவும் கேட்கலாம். இடங்கொடுக்காவிட்டால் பாடுவாள், காலும் தட்டுவாள். அடுத்த யூலையில் அதே முகாமுக்கு வசதியில்லாத ஒரு பிள்ளையின் கட்டணத்தை நாங்கள் கட்டுவதாக அவளுடைய அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அது எந்த ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். எங்களோடு சேர விரும்புகிறவர்கள் கொலுவுக்கு வரும்போது சொல்லுங்கள்.